ஸ்பிரிங் எந்தப் பக்கம்?

பல் டாக்டரிடம் அவரைவிட வயதில் மூத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டும். முன்னறைத் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன மனைவி, "ஒண்ணு வண்டி வெளிய நிக்கணும், இல்ல நீங்க நிக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான எஞ்சின் ஆயில் சீலை மாற்றினால் போதும் என்று, கடையில் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். செயினையும் பல்சக்கரத்தையும் கழற்றினார். உள்ளே பழைய ரப்பர் வளையம் அசைவதாயில்லை. பல் சுரண்டும் கொக்கியைக் கொண்டுவந்து, "வலிக்காது, ஒரே நிமிஷம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே நெம்பி எடுத்தார். புதியதைத் தட்டிப் பொருத்தி, எல்லாவற்றையும் மாட்டி, மார்தட்டிக்கொண்டார்.

மறுநாள் எண்ணெய் சொட்டவில்லை, ஒழுகியது.

மனைவி பழைய வளையத்தைக் குப்பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்; அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று சுற்றியிருந்தது. "ஏங்க, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் எண்ணெய், மறுபக்கம் ரோட்டு மண்ணு. அப்போ ஸ்பிரிங் உள்பக்கம்தானே இருந்திருக்கு? நீங்க மாட்டும்போது அது வெளிய பல்லக் காட்டிக்கிட்டு இருந்துச்சே!"

டாக்டர் மறுபடி கொக்கியை எடுத்தார். பக்கம் மாற்றி மாட்டியிருந்த புது சீலை நெம்பும்போது அது கிழிந்துபோனது. மறுபடி கடைக்குப் போனார். கேட்பதற்கு முன்பே கடைக்காரர் அதே சீல் ஒன்றை நீட்டினார்.

"எப்படிங்க தெரியும்?"

"முதல் தடவ மாத்துறவங்க எல்லாரும் ரெண்டாவது வாங்க வருவாங்க சார். அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன்."

இம்முறை எந்தப் பக்கம் என்று மனைவி பார்த்துச் சொல்ல, டாக்டர் மாட்டினார். ஒரு வாரமாகத் தரை காய்ந்தே இருக்கிறது. யாராவது விசாரித்தால், "நாங்களேதான் மாத்தினோம்" என்கிறார் டாக்டர். 'நாங்களே' மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகிறது.