குப்பைக்கு வைக்காத மேசை

கள்ளி என்று வழக்குப் போட்டு என்னைக் கோட்டில் ஏற்றினார்கள். என்னை! இப்போது நினைத்தாலும் பத்திக்கொண்டு வருகிறது.

எண்பத்தாறாம் ஆண்டு. ரொறன்ரோவில் அண்ணையின் அப்பார்ட்மென்ட்டில் இருந்தேன். கணவரும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில், கனடா வர ஸ்பொன்சர் கடதாசிக்குக் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீட்டுச் சாமானில் பாதி, குப்பை நாளில் வெள்ளைக்காரர் வாசலில் வைத்தவைதான். வெட்கமே படமாட்டோம்.

அப்படி ஒரு காலை, குப்பைப் பைகளுக்குப் பக்கத்தில் சின்ன எழுதுமேசை ஒன்று நின்றது. இழுத்துத் திறக்க இரண்டு லாச்சி. என் பிள்ளைகள் வந்து படிக்க அளவானது. மணி அடித்தேன், ஆளில்லை. சொப்பிங் வண்டிலில் கட்டி, பட்டப்பகலில் தெருவழியே இழுத்து வந்தேன்.

ஆனால் ஒருவர் வீட்டுச் சாமானைச் சும்மா எடுத்துவர எனக்கு மனம் கேட்கவில்லை. பயற்றம் பணியாரம் சுட்டு, பின்னேரம் கொண்டுபோய் அந்தக் கதவில் தொங்கவிட்டேன். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: மேசைக்கு நன்றி, என் பிள்ளைகள் இதில் படிப்பார்கள். கீழே பெயரும் விலாசமும்.

அடுத்தநாள் பொலிஸ்காரர் அந்தத் துண்டோடு வந்து, மேசையை எடுத்தாயா என்று கேட்டார். பணியாரம் பிடித்துப்போய் விசாரிக்கிறார்களாக்கும் என்று, "யெஸ், யெஸ்" என்று சிரித்தேன். அந்த வீட்டுக்கார அம்மா பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வீடு மாறிக்கொண்டிருந்தாராம். முதல் லொறியோடு போனவர், அடுத்த தடவைக்கு என்று மேசையை வெளியே வைத்தாராம். களவு என்று வழக்கு எழுதினார். மேசையோடு என் சிரிப்பும் போயிற்று.

அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "விசரி! எந்தக் கள்ளியாவது விலாசம் எழுதி வைச்சிட்டு வருவாளோ? பேசாமல் ஒத்துக்கொண்டு அலுவலை முடி."

"ஒத்துக்கொண்டால் என்ர பைலில களவு எண்டு விழும். பிறகு இவரையும் பிள்ளையளையும் ஆர் வர விடுவினம்? செய்யாத களவை நான் ஒத்துக்கொள்ளன்!"

வாய்தான் அப்படிப் பேசியது. குளியலறைக்குள் போய் அழுது தீர்த்தேன்.

லீகல் எய்டில் இலவசமாகக் கிடைத்த வக்கீல் பெண் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். எடுத்தாயா? ஓம். பிறருடைய பொருளா? ஓம். அவர் சம்மதித்தாரா? இல்லை. கடைசி விரலை மட்டும் அவள் மடக்கவில்லை. நேர்மையில்லாத எண்ணம் வேண்டும், அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்றாள். வீசியெறிந்த பொருள் என்று உண்மையாகவே நம்பி எடுத்தால், அந்த நம்பிக்கை பிழையாக இருந்தாலும் களவாகாதாம். இங்கிலாந்தில் இருந்து வந்த சட்டத்தில் இவ்வளவு நியாயம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கோட்டில் அரசாங்க வக்கீல் என் துண்டைத் தூக்கிக் காட்டினார். எடுத்ததற்கு இதுவே சாட்சியாம். என் வக்கீல் அதையே வாங்கி வாசித்துவிட்டு, வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டாள்: களவெடுத்தவர் பலகாரமும் விலாசமும் வைத்துவிட்டுப் போனதை எங்கேயாவது கேள்விப்பட்டீர்களா? அந்த அம்மா முகம் சிவந்து, இல்லை என்றார். பணியாரம் நன்றாக இருந்தது என்றும் சொன்னார். நீதவானே சிரித்துவிட்டார்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார். இவர் நம்பியது பிழை, ஆனால் நேர்மையான பிழை; ஆகவே குற்றவாளி இல்லை என்றார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் என் காதோடு மெல்லச் சொன்னார்: "அம்மா, நீங்கள் குற்றவாளி இல்லையாம்."

எனக்கு இங்கிலீசிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் பின்வரிசை வாங்கில் தலைகுனிந்து இருந்த அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேக்கேல்லை, தம்பி," என்றேன் மொழிபெயர்ப்பாளரிடம். "இன்னொருக்கால் சொல்லும். பலமாச் சொல்லும்!"