பூ வைக்கும் நாளுக்கு ஒரு பஃப்

மில்லர்புரத்தில் எனக்கு ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பெண்களின் தலையெல்லாம் என் கையில்தான். என் தலையில் மட்டும் உச்சியில் முடி இல்லை. போன வருடம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொட்டியது. ஊசி, மருந்து, எண்ணெய் எல்லாம் பார்த்தும் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிட்டது. அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. தெரிந்தால் அழுது தெருவையே கூட்டிவிடுவாள். முடி கொட்டுகிறவளை நம்பி எந்தப் பெண் தலையைக் கொடுப்பாள்? எந்த மாப்பிள்ளை வீடு வரும்? பக்கத்து முடியை மேலே வாரிப் போட்டு, க்ளிப் குத்தி, நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எட்டயபுரம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணத்துக்குப் பிறகும் கடையை நடத்துவீர்களா என்று மாப்பிள்ளை கேட்டார். என் கடையைப் பற்றி யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இந்த வயதில் இப்படி ஆசைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்து பூ வைக்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே பெண்ணின் தலையில் பூ வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கைக்குத்தான் பயந்தேன்.

பழைய கல்யாண ஆல்பங்களில் எழுபதுகளின் பெண்கள் உச்சி முடியைத் தூக்கி உப்ப வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே போட்டால் மாறுவேடப் போட்டிக்குப் போகிறவள் மாதிரி இருக்கும். அதனால் மேலே அந்தக் காலத்துப் பஃப், காதோரம் சுருட்டிவிட்ட இரண்டு கற்றை, பின்னால் இந்தக் காலத்துத் தளர்ந்த பின்னல் என்று கலந்தேன். வழுக்கையின் மேல் சவுரிமுடியைப் பந்தாகச் சுருட்டி வைத்து, முன்முடியைத் தூக்கி அதை மூடினேன். இந்த ஊர்க் கடல்காற்றுக்கு எந்தத் தலையும் மதியத்துக்குள் படுத்துவிடும் என்பதால் ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்தேன். பூவுக்கு இடம் கீழே, பின்னல் தொடங்குகிற இடத்தில். அங்கே ஒரு வளையம்கூடக் கோத்து வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால், சும்மா சொல்லக்கூடாது, நான் செய்ததிலேயே அதுதான் அழகான தலை.

"என்னளா இது, குருவி கூடு கட்டுனாப்ல?" என்றாள் அம்மா.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் தலையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானார்.

"ஏளா, நாங்க காலேசுல படிக்கும்போது இப்பிடித்தான் போடுவோம். எம்புட்டு நாளாச்சு இத பாத்து!"

மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். நான் வளையத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்தத் தலைக்கு அங்கன வைக்கக் கூடாதும்மா. மேல சுத்தி வைக்கணும். எனக்குத் தெரியாதா?"

பஃப்புக்குள் விரலை விட்டுக் கொண்டை ஊசியை ஏற்றினார். சவுரி நகர்ந்தது. அவர் விரல் என் வெறும் தோலில் பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது. எதிரில் மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா சவுரியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, முடியை இழுத்து மூடி, பூவை வைத்து, குங்குமமும் இட்டார். கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "அவிய வேண்டாங்காவ. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்காவ."

பூ வைத்த பிறகு வேண்டாம் என்றால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று சொல்லவே வேண்டாம். இன்றுவரை அந்த அம்மா என் தலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட வெறுத்துத் தொலைத்திருப்பேன். இப்படி ஒருவரின் வீட்டுக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் தோன்றுகிறது. இனி எனக்கு ஒரு வரன் வரும் என்ற நம்பிக்கை இல்லை.

அம்மாவுக்கு மட்டும் காரணம் பிடிபட்டுவிட்டது.

"எல்லாம் அந்தக் கோமாளித் தலையாலதான். நான் அன்னைக்கே சொன்னேம்லா? பெரியவிய பாத்தா என்ன நெனப்பாவ?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே மனசு கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாக என் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அழாதளா. அடுத்த தடவ நானே லட்சணமா பின்னி விடுதேன். சின்னப் பிள்ளையில பின்னி விட்டது. இப்பம் அந்தக் க்ளிப்பக் கழத்து."