இந்தியாவுக்காகப் பழகிய இடுப்பு

இந்தியாவில் எப்படிக் குடித்தனம் நடத்த வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிணற்றடியில் யாரிடம் என்ன பேசலாம், எந்த வெயிலில் வெளியே இறங்கக் கூடாது, எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஆனால் நான் இந்தியாவுக்குப் போனதில்லை. இலங்கையில், பதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு நான் போன அதிக தூரம் மொனராகலைதான்.

எழுபதுகளில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டதில் அப்பா அந்தக் கரைப் பங்கில் விழுந்தார். அம்மாவும் சின்னப் பையனான தம்பியும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். எனக்கு வயது வந்துவிட்டது என்று தனி மனு போடச் சொன்னார்கள். அது எங்கே தூங்கியதோ, பதிலே இல்லை. அம்மாவுக்கு வேறு கவலை எதுவும் கிடையாது. வீடு கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. நானும் அவளோடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பாஸ்போர்ட் வந்த நாளிலிருந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் புத்திமதிக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு, ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னவர்களில் ஒருத்தர்கூட அந்த மண்ணை மிதித்தவர் இல்லை. இதில் எல்லோருக்கும் தலைவி அடுத்த காம்பராச் சின்னம்மா. அவளுடைய அக்கா குடும்பம் முன்னமே போய்த் திருச்சிப் பக்கத்தில் குடியேறியிருந்தது. அங்கிருந்து ஒரு வரி எழுதி வந்தால், சின்னம்மா வாய்க்கு வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும்.

தேயிலை என்று அங்கே வாயைத் திறக்காதீர்கள், கொழுந்து எடுக்கத் தெரியும் என்றால் கேலி செய்வார்கள் என்றாள். கராம்பும் ஏலமும் கொஞ்சம் முடிந்துகொண்டு போனால் சொந்தக்காரர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள் என்றாள். அப்பாவுக்குத் தனியாக ஒன்று சொன்னாள். கால்சட்டை போட்ட ஆளைக் கண்டதும் பாதையை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றாதீர்கள், அங்கே கால்சட்டை போட்டவனெல்லாம் துரை இல்லை. அப்பா தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் கணக்கப்பிள்ளை வந்தபோது பழையபடி இறங்கித்தான் நின்றார்.

அம்மா எதைக் கேட்டாளோ இல்லையோ, தண்ணீர் விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் லயத்துக் கோடியில் இருக்கும் பீலியில் மலைத் தண்ணீர் ராத்திரி பகலாக விழுந்துகொண்டே இருக்கும். தகர வாளியை வைத்துப் பிடித்து, கையில் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் வீடு. அங்கே பீலி கிடையாதாம். அடுத்த தெருக் கிணற்றிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டுமாம். வாளியோடு போய் நின்றால் யாரோ வந்தட்டி, பிழைக்க வந்த வெளியூர்க்காரி என்று ஒதுக்கிவிடுவார்களாம். இது சின்னம்மா சொன்னது.

பதுளைக் கடைவீதியில் ஒரு பித்தளைக் குடம் வாங்கினோம். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடை சுமந்து வளர்ந்த எங்களுக்கு இடுப்பில் ஒரு பாரம் எப்படி நிற்கும் என்றே தெரியவில்லை. அம்மாவும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள்தான், அவளுக்கும் தெரியாது. ஆனாலும் எனக்குக் கற்றுக்கொடுக்கிற மாதிரி முன்னால் நடந்தாள். பீலியிலிருந்து கோயில் வரைக்கும், கோயிலிலிருந்து பீலி வரைக்கும். சேலையெல்லாம் நனைந்து, குடத்தில் பாதிகூட மிஞ்சாது. லயமே வாசலில் நின்று சிரித்தது. எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. அம்மாவுக்குக் கடைசிவரை வரவில்லை. எனக்கு 'இந்தியாக்காரி' என்று பட்டம் வைத்தார்கள்.

கல்யாண யோசனையும் சின்னம்மாவுடையதுதான். பாஸ்போர்ட் உள்ள மாப்பிள்ளை ஒருத்தனுக்குக் கட்டிவைத்துவிட்டால் புருஷனோடு பெண்டாட்டியையும் அனுப்பிவிடுவார்கள், மனுவுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம் என்றாள். அப்போது நிறையப் பேர் அப்படிச் செய்தார்கள். ஜாதகத்துக்குப் பதில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் தகப்பனும் மகனுமாக இருந்த ஒரு வீட்டில் பேசி முடித்தார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், இன்றுவரை நான் ஒரு குறையும் சொன்னதில்லை. என்னைச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது கேட்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. குடம் வாங்கினோம், பெட்டி வாங்கப் போகிறோம், நடுவில் ஒரு கல்யாணம், அவ்வளவுதான்.

பதுளையில் கல்யாணப் பதிவு முடிந்த கையோடு டிரங்குப் பெட்டி வாங்க முஸ்லிம் நானா ஒருத்தர் கடைக்குப் போனோம். எங்கள் தோட்டத்துச் சனங்கள் எல்லோருக்கும் பெட்டி விற்றவர் அவர். பெட்டியைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, வெள்ளைப் பெயின்ட்டும் பிரஷும் அவரே கொண்டுவந்து வைத்தார்.

"பேரும் போய்ச் சேர்ற ஊரும் பெரிசா எழுதிக்கங்க தங்கச்சி. அங்க ஆளைப் பார்க்க மாட்டாங்க, பெட்டியத்தான் பார்ப்பாங்க."

மூடியில் என் வீட்டுக்காரர் பெயரையும், அதற்குக் கீழே அப்பாவும் அம்மாவும் போகவிருந்த திருச்சி என்றும் எழுதிக் காயவைத்து எடுத்துவந்தோம்.

அப்பாவுக்கு முதலில் தேதி வந்தது. எங்களுக்கும் வர இருந்த நேரத்தில் என் மாமனார் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் சறுக்கி விழுந்து, இடுப்பு போய்ப் பாயில் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடியதும் மூன்று பேருமாகப் புறப்பட்டு வருகிறோம் என்று பேச்சு. எல்லோரும் அதை நம்பினோம். பொய் இல்லை, அப்போது அது நடக்கக்கூடிய காரியமாகத்தான் இருந்தது.

பதுளை ஸ்டேஷனில் அன்றைக்கு நிற்க இடமில்லை. கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி புறப்படும் நாளில் எப்போதும் அப்படித்தான். சாவு வீடு மாதிரி ஒருத்தரை ஒருத்தர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஒரே லயத்தில் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தவர்கள்கூட ஜன்னல் கம்பியை விடமாட்டார்கள். போகிறவர்களுக்கும் நிற்கிறவர்களுக்கும் அது ஒரு முறை, அழுது தீர்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். எங்கள் பக்கத்தில் சின்னம்மா அழத் தொடங்கியதும் அம்மா அவளை ஒரு அதட்டு அதட்டினாள்.

"வாய மூடு. நாங்க முன்ன போயி அடுப்பு போட்டு வைக்கப் போறோம். பின்னால வர்ற புள்ளைக்கு என்னத்துக்கு ஒப்பாரி?"

சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். அப்பா என் தலையில் கை வைத்தார். தம்பி பெட்டிமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். கப்பலில் குமட்டும், எலுமிச்சம்பழம் மறக்காதே, குடத்தைப் பெட்டிக்குள் வைக்காதே, நசுங்கிவிடும் என்று அம்மா ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் சரி சரி என்றேன். கோச்சி நகர்ந்தது. அந்த ஸ்டேஷனில் அழாமல் நின்றது நாங்கள்தான். தோட்டத்துப் பஸ் போய்விடக் கூடாதே என்று எனக்கு அவசரம்.

மாமனார் எழவில்லை, சீக்கிரம் போகவும் இல்லை. வருஷக்கணக்கில் கிடந்தார். இப்படிப் படுத்திருப்பவரைக் கப்பலில் ஏற்ற முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அவர் கண்ணை மூடியபோது எங்கள் பாஸ்போர்ட் தவணை முடிந்துபோயிருந்தது. அதைப் புதுப்பிக்க அலைந்தோம். அதற்குள் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. தேயிலைக்குள் ஒளிந்து கிடந்து திரும்பி வந்தோம். பிறகு கப்பலே நின்றுபோனது. என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து கால் கழுவும்போது அதைச் சொன்னார். நான் அப்படியா என்று கேட்டுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். மனசுக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் பெட்டியிலிருந்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, அதில் கோதுமை மாவைக் கொட்டி வைத்தேன். எலி வராது, நல்ல பெட்டி.

அம்மாவுக்காகத் தம்பிதான் கடிதம் எழுதுவான். அங்கே வெயில் தாங்க முடியவில்லை, கொண்டுபோன கம்பளி எல்லாம் வீண், அப்பா விறகு வெட்டப் போகிறார் என்று எழுதுவான். அம்மாவைத் தெருவில் சிலோன்காரி என்று கூப்பிடுகிறார்களாம். அவளுக்கு இன்னும் குடம் இடுப்பில் நிற்கவில்லையாம், வாளியில்தான் தண்ணீர் எடுக்கிறாளாம், பார்த்துச் சிரிக்கிறார்களாம். முடிவில் எப்போதும் ஒரே வரி: அடுப்பு போட்டு வைத்திருக்கிறேன், எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அவள் செத்துப்போன செய்தி வந்து சேர்ந்தபோது அங்கே காரியமே முடிந்துவிட்டிருந்தது. லயத்துப் பெண்கள் வந்து காம்பரா நிறைய உட்கார்ந்தார்கள். முகம் பார்க்காத சாவுக்கு எப்படி ஒப்பாரி எடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. சின்னம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அழுதுருடி. நெஞ்சுக்குள்ள வச்சுக்காத."

"ஸ்டேஷன்ல அழுதிருக்கணும் சின்னம்மா," என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க வீட்டில் தண்ணீர் இல்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். வாய் வரைக்கும் நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.