பதினேழாம் பக்கத்துப் பெண்

நான்கு வருடத்துக்கு முந்தைய ஆடி, ஆவணியில் நடந்தது இது. கோவில்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற வேலை எனக்கு. இப்போதும் அதே நாற்காலி, அதே வேலைதான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் பந்தல்காரர், சமையல்காரர் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். எங்களுக்கு மட்டும் இடுப்பு ஒடியும். வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துக் குவித்த கல்யாணங்களை அந்த மாதத்தில்தான் ஆல்பமாக்கி அனுப்ப வேண்டும்.

எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் கேமராவைப் பார்த்தால் ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துப்போவார்கள். பெண் தரையைப் பார்க்கும். ஆனால் ஆல்பத்தில் மட்டும் இரண்டு பேரும் மூடுபனியில் ஒருவரையொருவர் பார்த்து உருக வேண்டும். அந்த உருக்கத்தைச் செய்து தருகிறவள் நான். கரிசல்காட்டுப் பிள்ளைகளைப் பனிமலையில் ஏற்றி, மாப்பிள்ளையின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, வேறு படத்திலிருந்து பெண்ணின் கண்ணை எடுத்து ஒட்டி, தாலி கட்டிய நாளில் நேராகப் பார்த்துக்கொள்ளாதவர்களைப் பார்க்க வைத்துவிடுவேன். இத்தனை பேரைச் சேர்த்து வைத்தவளுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்து, கேட்பதையே விட்டிருந்தார்கள்.

ஆவணி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் கடை திறந்ததும் ஒருவர் ஆல்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கயத்தாறில் மெயின் ரோட்டு ஓரம் லாரிகளுக்கு டயர் பார்க்கிற கடை வைத்திருப்பவர். வைகாசியில் நாங்கள்தான் அவர் கல்யாணத்தை எடுத்தோம். பெண்ணுக்கு நாகலாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்ததால், ஆல்பத்தையும் அந்த வீட்டுக்கே அனுப்பியிருந்தோம்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பதினேழாம் பக்கத்தை விரித்து என் மேஜையில் வைத்தார். மலை, மூடுபனி, நடுவில் அவரும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பின்னால், பனியோடு பனியாக, மங்கலாக ஒரு பெண் தெரிந்தாள். தலை நிறையப் பூ வைத்து, கல்யாண மேடையில் மணப்பெண் நிற்கிற இடத்தில் நிற்கிறாள். அவள் பக்கத்தில் ஓர் ஆணின் தோளும் வெள்ளைச் சட்டைக் கையும் இருந்தன. அந்த ஆளின் முகம் மட்டும், முன்னால் நிற்கிற மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

"இது யாரு, அக்கா?" என்றார். "எனக்கு முன்னமே ஒரு கல்யாணம் ஆயிருக்காம். அந்தப் போட்டோ தப்பி இதுல வந்துட்டாம். அத்தை வீட்ல எல்லாரும் அப்படித்தான் பேசுதாவ. ஆடி முடிஞ்சு கூப்பிடப் போனா, அவ வர மாட்டேங்கா. போனும் எடுக்க மாட்டேங்கா."

என் முகத்துக்கு நேராக நின்றுதான் கேட்கிறார். ஆனாலும் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் நான்தான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "டெம்ப்ளேட்ல வந்த படம் தம்பி. நெட்ல இருந்து எடுக்குததுதான். யாரோ எவளோ" என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "வயித்துல பால வாத்தீங்க" என்று சொல்லி, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே நாகலாபுரம் பஸ்ஸுக்குப் போனார். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆல்பத்தைத் திறந்தேன். அந்த அளவுக்கு நெஞ்சழுத்தம்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் முன்பு ஒரு போட்டோகிராபர் இருந்தார். பெண்ணுக்குப் புடவை மடிப்பைச் சரிசெய்ய, மாலையை ஒதுக்கிவிட என்று அவரோடு நானும் கல்யாணங்களுக்குப் போவேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருவதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அங்கன நில்லுங்க, ஒண்ணு எடுத்துப் பாப்போம்" என்பார். நான் போய் மணப்பெண் இடத்தில் நிற்பேன். ஒருநாள், கோவில்பட்டி மண்டபம் ஒன்றில், என்னை எடுத்து முடித்ததும், "நீங்க ஒண்ணு எடுங்க. மாப்பிள்ளை பக்கம் நிழல் விழுதான்னு பாக்கணும்" என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு அவர் போய் மாப்பிள்ளை இடத்தில் நின்றார். நானும் எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் லென்ஸ், பேட்டரி, சாப்பிட்டாச்சா என்பதோடு சரி. பந்தியில் எனக்கு ஓர் இலையைப் பிடித்து வைத்துவிட்டு, யார் வந்து கேட்டாலும் ஆள் வருகிறது என்று கையை வைத்து மறைத்துக்கொண்டிருப்பார். நான் அதையே ஒரு வாரத்துக்கு நினைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. எல்லோரிடமும் சொல்வதுபோல என்னிடமும் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன வாரம்தான் அந்த இரண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்த்தேன். வேறு ஜோடிகளுக்கு முடி ஓரத்தை இழை இழையாக வெட்டி, வெளிச்சத்தை மாற்றி, நிழலை வரைந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களைச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே மேடை, ஒரே விளக்கு, ஒரே காலைநேரம். ஒட்டியது எங்கே என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

தனியாக வைத்தால் யாராவது திறந்துவிடுவார்கள். அதனால் நான் மட்டும் பயன்படுத்துகிற பனிமலைப் பக்கத்தில், மங்கலாக்கி, ஒரு லேயராக ஒளித்து வைத்தேன். லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் படம் மறையும், மறுபடி தொட்டால் தெரியும். மூன்று வருடமாக அந்தக் கண்ணை மூடியே வைத்திருந்தேன். வருகிற ஜோடிகளையெல்லாம் அதன் மேலேதான் நிறுத்தினேன். ஆடி மாத அவசரத்தில், இந்த ஆல்பத்தைச் செய்யும்போது எப்போதோ கை பட்டிருக்கிறது. எங்கள் கடை மானிட்டரில் வெளிச்சம் கூடுதல், மங்கலானதெல்லாம் அதில் தெரியாது. அச்சில் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அந்த மாப்பிள்ளை போன் செய்தார். கோபமே இல்லாத குரல், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நெட்டு படத்துல கோவில்பட்டி மண்டபம் எப்படி வரும்னு அவ கேக்கா, அக்கா. மேடையில பின்னால மயில் இருக்கும்லா, ஒண்ணுக்குக் கொண்டை உடைஞ்சிருக்கும்லா, அது அந்தப் படத்துல தெரியுது. எங்க கல்யாணமும் அங்கதான நடந்துச்சு. இப்ப உங்களையும் நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு ஆயிட்டு. ஞாயித்துக்கிழமை பெரியாள்கள வச்சுப் பேசப் போறாவளாம், வெட்டிவிடுததுக்கு."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடை முதலாளியிடம் போய், "அண்ணாச்சி, ஒரு ஆல்பத்துல தப்பு நடந்துட்டு, நேர்ல போயிட்டு வாரேன்" என்றேன். போனில் சொன்னால் ஆகாதா என்றார். ஆகாது என்றேன்.

விளாத்திகுளம் தாண்டி, உழுது போட்ட காடு இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் கிடந்தது. ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை, பஸ் முழுக்கப் புழுதி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புதுசாக மூன்று பொய் யோசித்து வைத்தேன். பொய்யில் நான் கெட்டிக்காரி, தொழிலே அதுதானே. ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும், அந்த ஆணின் முகம் யாருடையது என்று காட்டாமல் அந்தப் பெண் நம்ப மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. அசல் படங்கள் என் போனில் இருந்தன. கிளம்பும்போதே அவற்றை ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

வீட்டில் பெண்ணின் அம்மா இருந்தார். போட்டோ கடையிலிருந்து வருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளைக்குத் தெரியாத முகம் அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நாள்கணக்கில் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் பாவம்.

"நீங்கதான அது?" என்றாள். முதல் பொண்டாட்டியே வீடு தேடி வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள்.

"நான்தாம்மா. ஆனா நீ நெனைக்குத ஆளு இல்ல. உங்கிட்ட மட்டும் ஒண்ணு காட்டணும்" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால், விறகுக்குக் காய்ந்த பருத்திமார் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். போனில் முதல் படத்தைக் காட்டினேன், மேடையில் நான் மட்டும். அடுத்தது, அதே மேடையில் அவர் மட்டும். மூன்றாவது, இரண்டு பேரும் சேர்ந்து. அவள் போனை வாங்கி அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் புருஷன் இல்லை என்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இவிய யாரு?"

"எங்க கடையில போட்டோ எடுத்தவரு."

"உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல."

"பின்ன?"

பஸ்ஸில் யோசித்த மூன்று பொய்யும் மறந்துபோயின. "எனக்குப் புடிக்கும். அவருக்குத் தெரியாது" என்றேன். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு அழுதேன், முன்பின் தெரியாத ஒரு சின்னப்பெண்ணுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் முன்பக்கம் கூட்டிப் போனாள்.

"ஏட்டி, இவிய யாருன்னு கேட்டியா?" என்றார் அம்மா.

"கடைக்காரவியதாம்மா. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரதுக்கு முந்தி, வெளிச்சம் பாக்க இவியள நிக்க வச்சு எடுப்பாவளாம். அது கம்ப்யூட்டர்ல கெடந்து இதுல வந்துட்டு."

"பக்கத்துல நிக்கது?"

"அது கேமராக்காரரு. அவரையும் அப்படித்தான் எடுத்திருக்காவ. முகத்தப் பாத்துட்டேன், நம்ம ஆளு இல்ல."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். அம்மா என் முகத்தையும் ஆல்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமா, அந்த மூக்குதான்" என்றார். பிறகு என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டதுபோலக் குடும்பம் சிதறப் பார்த்ததே என்றார். திட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னார். அதற்குள் அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். "நாளைக்கு வாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. மறுமுனையில் அவர் என்ன சொன்னாரோ, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பஸ் ஏற்றிவிட அவளே கூட வந்தாள், ஆல்பப் பெட்டியைச் சுமந்துகொண்டு. காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அவிய இப்ப எங்க இருக்காவ?" என்றாள்.

"மஸ்கட்ல. கல்யாணம் ஆயிட்டு. நீங்க செஞ்சாத்தான் நல்லாருக்கும்னு போட்டோவெல்லாம் எனக்குத்தான் அனுப்புனாரு. அந்த ஆல்பமும் நான்தான் செஞ்சேன்."

பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நான் ஏன் அவ்வளவு பயந்தேன் தெரியுமாக்கா? அந்தப் படத்துல நீங்க கேமராவப் பாக்கல. எடுக்குதவரப் பாக்குதீங்கன்னு இப்பத்தான் தெரியுது. கட்டுனவன் மேல உசுர வச்சிருக்கவதான் அப்படிப் பாப்பா. எங்க ஆல்பம் முழுக்கப் பாத்துட்டேன், நான்கூட எங்கயும் அப்படிப் பாக்கல. அதான் நம்பிட்டேன்."

பஸ் வந்துவிட்டது. பெட்டியை என் மடியில் வைத்து, "புதுசு அடிச்சுக் குடுங்க. இத நீங்களே வச்சுக்கிடுங்க. கிழிச்சிராதீங்க" என்றாள்.

அவர்களுக்குப் புது ஆல்பம் செய்து கொடுத்தேன். இப்போது ஒரு பெண்குழந்தை இருக்கிறது, பிறந்தநாள் படம் எடுக்க எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். அந்த மாப்பிள்ளை என்னைப் பார்க்கும்போதெல்லாம், மேடையில் நின்னது நீங்கதானா என்று கேட்டுச் சிரிப்பார். அவருக்கு இன்றுவரை மீதிக் கதை தெரியாது. அவள் சொல்லவில்லை.

அந்த லேயரை அன்றைக்கே அழித்துவிட்டேன். போனில் இருந்ததையும் அழித்தேன். இன்னொரு வீட்டுப் பெண்ணின் புருஷன் அவர், அதற்கு மேல் வைத்திருப்பது சரியில்லை. யாருடைய கண்ணையும் எடுத்து யாருக்கும் ஒட்டுவதையும் விட்டுவிட்டேன். தரையைப் பார்க்கிற பெண் தரையைப் பார்க்கட்டும், நிஜமாகப் பார்க்கிற நாள் அவளுக்கு வரும்.

பதினேழாம் பக்கம் மட்டும் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நானும் அவரும் சேர்ந்து நிற்கிற படம் என்று இனி அது ஒன்றுதான். அதிலும் முன்னால் வேறொரு ஜோடி நிற்கிறது, அவருடைய முகம் தெரியாது, ஒரு தோளும் ஒரு சட்டைக் கையும்தான் எனக்கு. ஆனாலும் அதை எடுத்துப் பார்க்கும்போது முன்னைப்போல நெஞ்சு அடைப்பதில்லை. நான் பார்த்த பார்வை அவருக்குத் தெரியாமலே போனாலும், அதை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆறுதல்.