பூட்டிய அலமாரியில் பதினொரு பொம்மைகள்

நீங்கள் கடைசியாகக் கையால் சாப்பிட்டது எப்போது? இன்று காலையா? அப்படியென்றால் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்து பெவர்லி லிண்ட்குவிஸ்ட், உங்கள் பெயருக்கு நேரே ‘தானாக உண்ணத் தெரியவில்லை’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டிருப்பார். போடும்போது மறு கையில் தன் சாண்ட்விச்சைப் பிடித்திருப்பார்.

காலை ஏழேகாலுக்கு லேமினேஷன் இயந்திரம் சூடாகிவிடும். காபி அதற்குப் பிறகுதான். அவர் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் லேமினேஷன் செய்யப்படாதவை குழந்தைகள் மட்டுமே. கை கழுவும் முறை, வரிசையில் நிற்கும் முறை, கோபம் வந்தால் மூச்சு விடும் முறை எல்லாம் பளபளக்கும் அட்டைகளாகச் சுவரில் தொங்கும். வாசலில் இருபத்து மூன்று மொழிகளில் ‘நல்வரவு’. அரபு அட்டை நான்கு ஆண்டுகளாகத் தலைகீழாகத் தொங்குகிறது. படிக்கத் தெரிந்த தாய்மார்கள் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சிரிக்கிற முகத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அன்பில் பொய் கிடையாது. மகளை அங்கே விடுகிற, சோமாலியாவிலிருந்து வந்த உபாஹ் இந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது பிள்ளை பெற்றபோது, முழங்கால் ஆழப் பனியில் காரை ஓட்டிக்கொண்டு போய், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சீஸும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு கொடுத்துவிட்டு வந்தார். இறைச்சி ஹலாலா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல உபாஹுக்கு வாய் வரவில்லை. தட்டு கழுவித் திரும்பி வந்தது.

“துளி மிச்சம் வைக்கலையே, பாவம், அவ்வளவு பிடிச்சிருக்கு!” என்றார் பெவர்லி. அடுத்த வாரம் இன்னொரு தட்டு போயிற்று.

மார்ச் மாதத்தில் பண்பாட்டு வாரம் வரும். ‘உங்கள் பண்பாட்டைக் கொண்டுவாருங்கள்’ என்று வாசலில் அட்டை தொங்கும். உதவி ஆசிரியை மாய் யெர், லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மொங் இனத்துப் பெண். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வாரத்தில் அவர் பூவேலைச் சட்டை போட்டு வர வேண்டும்.

“பெவ், இந்த வருஷம் நீங்க என்ன கொண்டு வரப்போறீங்க?”

“எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா. நாங்க சாதாரணம்.”

“டிசம்பர்ல உங்க வீட்ல மீனைச் சோப்பு காய்ச்சற காரத்தண்ணியில ஊறப் போட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுவீங்களே?”

“அது பண்பாடா? அது சாப்பாடு!”

“நாத்தத்தைக் கணக்குல எடுத்தா அது ரெண்டு பண்பாடு, பெவ்.”

பெவர்லியும் சிரித்தார். நல்ல சிரிப்பாளி. ஆனால் உபாஹ் மகளுக்குக் கட்டிக்கொடுக்கிற, தோசை போன்ற அஞ்ஜேரோ மட்டும் அவருக்கு இன்றுவரை பண்பாடுதான், சாப்பாடு ஆகவில்லை.

அவருடைய பெருமை கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பதினொரு பொம்மைகள். உலகத்திலுள்ள தோல் நிறம் அத்தனையும் உண்டு. ஒன்று சக்கர நாற்காலியில் இருக்கும், ஒன்று முக்காடு போட்டிருக்கும். எல்லாம் மேல்தட்டில். சாவி பெவர்லியின் கழுத்தில். “கீழே வெச்சா ஒரே வாரத்துல நாசம் பண்ணிடுவாங்க. தேடித் தேடி வரவழைச்சது.” தரையில் குழந்தைகள் தலைமுடியைப் பிடித்து இழுக்கவும் கஞ்சியில் முக்கவும் மூன்று மஞ்சள் முடிப் பொம்மைகள் கிடக்கின்றன. அவை சாதாரணம்.

உபாஹின் மகள் ஹிபாக்குக்கு மூன்றரை வயது. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மதியம் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, சோற்றை விரல் நுனியில் திரட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவாள். பெவர்லி குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் பாரத்தை நிரப்பினார்: ‘பேச்சு: இல்லை. தானாக உண்ணுதல்: இல்லை.’ தாய் கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளை நகரத்தின் மறுகோடியிலுள்ள சிறப்பு வகுப்புக்குப் போய்விடும். வளர்ச்சி குறைந்தவள் என்ற பெயர், தேவையில்லாத அந்தப் பெயர், பெரிய பள்ளிக்கும் அவள் பின்னாலேயே போகும். “அவளுக்கு உதவிதானே செய்யறோம்” என்றார் பெவர்லி, மனமார. வியாழன் மாலை கையெழுத்து.

அதே வியாழன் காலையில்தான் காப்பகத்தின் தரத்துக்கு நட்சத்திரம் கொடுக்கும் மாநில மதிப்பீட்டாளர் வந்தார். அவருடைய பட்டியலில் ஒரு கேள்வி: ‘பல இனத்துப் பொம்மைகள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளனவா?’ அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே பதினொன்றும் தரைக்கு இறங்கிவிட்டன.

ஹிபாக் நேரே வந்து பழுப்பு நிறப் பொம்மையை எடுத்தாள். மடியில் படுக்கவைத்தாள். விளையாட்டுக் களிமண்ணைத் தட்டையாக்கிப் பிய்த்து, விரல் நுனியால் அதன் வாயில் வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். சோமாலி மொழியில், நிறுத்தாமல், பேச்சும் அதட்டலும் கொஞ்சலுமாக. “சாப்பிடு. துப்பினியா? தம்பிக்குக் குடுத்துடுவேன், அப்புறம் அழக்கூடாது.”

“என்ன அழகாப் பேசறா!” என்றார் மதிப்பீட்டாளர்.

“எல்லா வீட்டு மொழியையும் நாங்க கொண்டாடறோம்” என்றார் பெவர்லி. நட்சத்திரங்கள் முழுதாகக் கிடைத்தன.

பதினொரு மணிக்கு மதிப்பீட்டாளரின் கார் கிளம்பியது. “எல்லாரும் பொம்மைக்கு டாட்டா சொல்லுங்க, கண்ணுகளா!” பொம்மைகள் ஒரு பெட்டிக்குள் போயின. ஹிபாக் டாட்டா சொல்லவில்லை. அதன்பின் எதுவுமே சொல்லவில்லை.

“பெவ், பாரத்துல ‘பேச்சு: இல்லை’ன்னு இருக்கே?” என்றார் மாய் யெர்.

“இங்கிலீஷ்ல பேசலையேம்மா.”

“பாரம் எந்த மொழின்னு கேக்கவே இல்லையே.”

மாலையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சீருடையோடு உபாஹ் வந்தார். காலையில் நடந்ததை மாய் யெர் வாசலிலேயே சொல்லிவிட்டிருந்தார். பெவர்லி பேனாவை நீட்டினார். உபாஹ் பாரத்தை வரிவரியாகப் படித்தார்.

“நாளைக்கு அவளுக்கு ஒரு சாண்ட்விச் குடுங்க, பெவர்லி. அதைக் கரண்டியால எப்படிச் சாப்பிடறதுன்னு நீங்களே காட்டிக்குடுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்.”

“இல்ல உபாஹ், நான் அந்த அர்த்தத்துல...”

“இந்தப் பொண்ணு வீட்ல வாயை மூடறதே இல்லை. எங்க மொழியைக் கொண்டாட வேணாம். வீட்ல எப்படிப் பேசறான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்.”

பாரம் கையெழுத்தில்லாமல் மேசைக்குத் திரும்பியது. போகிற போக்கில் உபாஹ் வாசல் சுவரில் அரபு அட்டையைக் கழற்றி, நேராக்கி மாட்டினார். “நாலு மாசமாச் சொல்லணும்னு இருந்தேன். ஹாட்டிஷ் பத்தி இன்னொரு நாள் சொல்றேன்.”

எல்லோரும் போன பிறகு பெவர்லி மேசைக்குத் திரும்பினார். பாரத்தைக் கிழிக்கவில்லை, இழுப்பறையில் போட்டார். கிருமிநாசினித் துணியால் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மேல்தட்டில் அடுக்கினார். பழுப்புப் பொம்மை மட்டும் கையிலேயே இருந்தது. அதன் வாயோரம் களிமண் ஒட்டியிருந்தது, அதைத் துடைக்கவில்லை. மேல்தட்டைப் பார்த்தார். பொம்மையை ஒரே ஒரு தட்டு கீழே இறக்கி வைத்தார். கதவைச் சாத்தினார், பூட்டவில்லை.

மறுநாள் காலை ஹிபாக் அலமாரிக் கதவைத் திறந்து, குதிகாலை உயர்த்தி, கையை நீட்டினாள். நான்கு விரற்கடை உயரம் எட்டவில்லை.

உங்கள் பிள்ளையின் காப்பகத்திலும் அப்படி ஓர் அலமாரி இருக்கும். நாளை காலை பிள்ளையை விடப் போகும்போது, யாரையும் கேட்காமல், அந்தப் பொம்மையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு வாருங்கள்.