தமிழ் திரும்பி வரலை, பதில் வந்தது

போன வருஷம், பெங்காலிங்க தை மாசத்துல கொண்டாடற சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையில என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துல விழுந்தார். அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி நான் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையோட நான் எட்டு மாசம் வாழ்ந்தேன். அதைப் பத்தித்தான் இதை எழுதறேன்.

என் பேர் ஹேமா. டாலிகஞ்ச்ல ஒரு ஹவுசிங் காலனியில இருக்கோம். அவர் சங்கரன். பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்தக் கொல்கத்தாவுலதான். கிடர்பூர் துறைமுகத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நான் கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்தவ. முப்பத்தோரு வருஷம் ஆகியும் எனக்கு பெங்காலி காய்கறிக் கடைக்கு மேல போகலை. வீட்டுல தமிழ். அது போதும்னு இருந்துட்டேன்.

அன்னைக்குச் சண்டை பழைய சண்டைதான். சென்னையில பொண்ணு நித்யா பக்கத்துல போய் இருந்துடலாம்னு நான் சொன்னேன். "என் ஊர் இதுதான். நீ வேணும்னா போ"ன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "உங்க வாயிலிருந்து இனிமே ஒரு வார்த்தை நான் கேக்கக் கூடாது"ன்னு கத்தினேன். கத்திட்டு சமையல் ரூமுக்குப் போயிட்டேன்.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

பக்கவாதம்னாங்க. வலது கை, வலது கால். நாலாவது நாள் ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்தவர் நர்ஸைப் பார்த்து, "ஜொல்"ன்னார். தண்ணி கேக்கறார்! எனக்கு அழுகையா வந்தது. கிட்ட போய், "தண்ணி வேணுமா? நான்தான் ஹேமா"ன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிஞ்சது. ஆனா நான் பேசினது புரியாத மாதிரி, "கீ?"ன்னு கேட்டார். என்னன்னு பெங்காலியில கேக்கறார், என்கிட்ட.

டாக்டர் பொறுமையா சொன்னார். ரெண்டு பாஷை பேசறவங்களுக்கு இப்படி நடக்கறதுண்டாம். ஒண்ணு முதல்ல வருமாம். இன்னொண்ணு மெதுவா வரலாம், வராமலும் போகலாமாம்.

வரலை.

வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து ஃபிளாட் ஷிகா தி (தின்னா அக்கா) வந்து உக்காந்தா, அவங்களோட ரெண்டு ரெண்டு வார்த்தையா பேசுவார். பால்காரனோட பேசுவார். நித்யா போன் பண்ணினா அவளோடயும் பெங்காலியில பேசுவார். அவ இங்கே படிச்ச பொண்ணு, சமாளிச்சுடுவா. நான் ஒருத்திதான் அந்த வீட்டுல ஊமை. சோறு ஊட்டிவிட்டவ நான். பேச்சு மத்தவங்களுக்கு.

ஷிகா திதான் என்னை ஜாதவ்பூர்ல இருக்கிற நம்ம பிரார்த்தனை வட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. தமிழ்நாட்டுல இருக்கிற வட்டத்துக்காரங்க இதைப் படிப்பீங்கன்னு சொன்னதால, இங்கே எப்படின்னு சொல்லிடறேன். ஒரு வீட்டு மாடி ஹால். சாமி படம் கிடையாது. எந்த மதமும் வரலாம், மதமே இல்லைன்னாலும் வரலாம். நடுவுல ஒரு விளக்கு. சுவத்துல வெள்ளைத் துணியில ஒரு நீல வட்டம், அது ஒரு இடத்துல சேராம இடைவெளி விட்டிருக்கும். யாரும் உள்ளே வரலாம்னு அர்த்தம். கொஞ்ச நேரம் மௌனமா உக்காருவோம். பிறகு ஒவ்வொருத்தரும் வேண்டறதை, ஏற்கெனவே நடந்துட்ட மாதிரி சொல்லணும். எல்லாரும் "தாயி ஹோக்"ன்னு சொல்லுவாங்க. அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். எல்லா உயிரும் ஒரே மனசு, எண்ணம்தான் விதை, சொல்தான் முளைன்னு நமக்குச் சொல்லித் தந்திருக்காங்க இல்லையா, அதேதான்.

"என் கணவர் என்னோடு தமிழில் பேசுகிறார்." ஞாயித்துக்கிழமை தவறாம இதைச் சொன்னேன். வீட்டுக்கு வருவேன். அவர் "கீ?"ம்பார்.

ரெண்டு மாசம் கழிச்சு, வட்டத்தை நடத்தற அனிர்பன் தா, அதாவது அனிர்பன் அண்ணா, என்னைத் தனியா கூப்பிட்டார். காலேஜ்ல பாடம் எடுத்தவர், ரொம்ப மென்மையா பேசுவார். அரைகுறையா எனக்குப் புரியற இந்தியில சொன்னார்: "ஹேமா, காரணமில்லாம நோய் வராது. எந்தச் சொல் இதை விதைச்சதுன்னு உங்களுக்குள்ள தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சா குணமாகும்."

நான் தேட வேண்டியதே இல்லை. எனக்கு அது தெரியும். இனிமே ஒரு வார்த்தை நான் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். ஊருக்கெல்லாம் பேசறார், எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கேட்டது அப்படியே கிடைச்சிருக்கு. வட்டம் சொல்லித் தர்றதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேற என்ன வேணும்?

அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் பேசலை. வாயைத் திறந்தா என்ன முளைக்குமோன்னு பயம். அவருக்கு மாத்திரை கொடுக்கறதைக்கூட கைஜாடையிலயே முடிச்சுடுவேன். ஒரு நாள் மெட்ரோ பிளாட்பாரத்துல ரெண்டு ரயிலை ஏறாம விட்டேன். அங்கே ஏன் நின்னேன்னு எழுத மாட்டேன். ஷிகா தி போன் அடிச்சாங்க, வீட்டுச் சாவி எங்கேன்னு. அதனால திரும்பினேன்.

மறுநாள் அவங்களே என்னைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. "உன் புருஷனோட பாஷைக்கு நீ போ. அவர் வர முடியலைன்னா நீ போக வேண்டியதுதானே?" ஒண்ணாங்கிளாஸ் பெங்காலிப் புத்தகம் ஒண்ணை என் மடியில போட்டாங்க. எனக்கு அவமானமா இருந்தது. ஆனாலும் படிச்சேன். முதல் பாடத்துலயே முட்டினேன். புருஷனை "துமி"ன்னு கூப்பிடணுமாம். நம்ம "நீ" மாதிரி. முப்பத்தோரு வருஷம் நீங்கன்னு கூப்பிட்ட வாய், வரவே மாட்டேன்னது. முதல் தடவை "துமி காபே?"ன்னு, சாப்பிடறியான்னு கேட்டப்ப அவர் சிரிச்சார். விழுந்ததுக்கப்புறம் முதல் சிரிப்பு.

ஆனா உள்ளே இருந்தது இறங்கலை. துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டிக்கிட்டிருந்த நாள். வட்டத்துல என் முறை வந்தது. நடந்துட்ட மாதிரி சொல்ல எனக்கு வாய் வரலை. தமிழ்ல கத்திட்டேன்: "நான்தான் செஞ்சேனா? ஆமான்னா ஆமான்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. என்னை இப்படி வச்சுக் கொல்லாதே. பதில் தெரியாம இனி இங்கே வந்து உக்கார மாட்டேன்."

ஒருத்தருக்கும் புரியலை. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு "தாயி ஹோக்"ன்னாங்க. கேள்விக்கு அப்படியே ஆகட்டும்னு சொல்றாங்க! செருப்பை மாட்டிக்கிட்டு பாதியில கிளம்பிட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம். நல்ல மழை. அவருக்கு வலது கையில எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். என்னமோ தோணுச்சு. எனக்குத் தெரிஞ்ச பெங்காலியில, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி, கேட்டேன். அன்னைக்குக் காலையில நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேனே, கேட்டுச்சா? அதனாலதான் நீ விழுந்தியா?

அவர் தலையை ஆட்டினார், இல்லைன்னு. பிறகு இடது கையால வலது கை விரலைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு வார்த்தையா தேடி எடுத்தார். காலையில எந்திரிச்சப்பவே விரல் செத்திருந்ததாம். ஷேவ் பண்ணும்போது ரேசர் ரெண்டு தடவை கீழே விழுந்துதாம். டீ கிளாஸைத் தூக்க முடியலையாம்.

எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வந்தது. அன்னைக்கு டீ அப்படியே ஆறிப்போய் இருந்தது. வேணும்னே குடிக்கலைன்னு நினைச்சேன். சண்டையே அதுலதான் ஆரம்பிச்சு, அப்புறம் சென்னைப் பேச்சுக்குத் தாவினது.

"ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"நீ கத்துவே"ன்னார்.

கோபமா சொல்லலை. மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

நான் கேட்ட பதில் அதுதான், நண்பர்களே. என் சொல் அவரைச் சாய்க்கலை. அதுக்கு முன்னாடியே எல்லாம் ஆரம்பிச்சிருந்தது. அடுத்த தடவை போனப்ப டாக்டரும் அதையே சொன்னார். ஆனா முன்னாடியே சொல்லியிருந்தா சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். சொல்லாததுக்குக் காரணம் என் குரல். ஒரு பாரம் இறங்கின அதே நிமிஷம் இன்னொண்ணு ஏறிக்கிச்சு. ஆனா இது நிஜமான பாரம். என்னோடது. இதை என்னால தூக்க முடியும். பொய்ப் பாரம்தான் என்னை பிளாட்பாரம் வரைக்கும் கொண்டு போச்சு.

ஞாயித்துக்கிழமை திரும்பப் போனேன். எல்லார் முன்னாடியும் அனிர்பன் தாவுக்கு நடந்ததைச் சொன்னேன். பிளாட்பாரத்தையும் சொன்னேன். "நான் நல்லதுக்குத்தானே கேட்டேன்"னார். அவ்வளவுதான். மன்னிப்பு கேக்கலை. இன்னும் எனக்கு அது ஆறலை, மறைக்க மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு, சிறுநீரகம் கெட்டுப்போன பொண்ணோட ஒரு அம்மா வந்தாங்க. அவர் அவங்க பக்கம் குனிஞ்சு, "காரணமில்லாம..."ன்னு ஆரம்பிச்சார். நிமிர்ந்தார். எதிரே நான். மீதியைச் சொல்லாம, அவங்களுக்குத் தண்ணி கொண்டு வந்து கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்குத் தமிழ் இன்னும் வரலை. வராதுன்னு நினைக்கறேன். நாங்க பெங்காலியில குடித்தனம் நடத்தறோம். எனக்கு அந்தப் பாஷையில கத்தத் தெரியாது. அதுக்கு நன்றி சொல்றேன். காலையில எழுந்ததும் கை எப்படி இருக்குன்னு கேக்கறேன். அவர் சொல்றார்.

எண்ணம் விதைங்கறதை நான் இன்னும் நம்பறேன். ஆனா நோயாளி வீட்டுல நின்னுக்கிட்டு யார் விதைச்சதுன்னு கேக்காதீங்க. நாம சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறவர் ஒருத்தர் இருக்கார். மெருகு போட்ட வாக்கியம் அவருக்கு வேண்டியதில்லை. கோபமா இருந்தா கோபமாவே கேளுங்க, உங்க பாஷையிலயே கேளுங்க. பதில் இனிக்காம போகலாம். ஆனா வரும், நான் பார்த்தேன்.

கொல்கத்தா பக்கம் வந்தா ஞாயித்துக்கிழமை ஜாதவ்பூருக்கு வாங்க. வீட்டுல யாருக்காவது முடியலைன்னா, என் பக்கத்துல வந்து உக்காருங்க. நான் உங்களை எதுவும் கேக்க மாட்டேன்.