விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

இன்று காலை என் பழைய பிஸ்கட் டப்பாவை மறுபடியும் திறந்தேன். உள்ளே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று இரண்டாக உடைந்து கிடக்கிறது. ஓரத்தில் ஆணியால் கீறிய தேதி. என் மனைவி இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. அதை எங்கள் சுவரில் ஒட்டியவர் நகராண்மைக் கழகத்துக் கட்டட அதிகாரி. என்னைவிட வயதில் சிறியவர் என்பதால் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவேன்.

கோலா கெத்தில் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறியபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து அரசாங்க முத்திரை போட்ட உறை வந்தால் மனைவியைத்தான் பிரிக்கச் சொல்வேன். பிறகு டவுனில், நகராண்மைக் கழகத்தின் மலிவு வாடகை அடுக்குமாடியில் நான்காம் மாடி வீடு கிடைத்தது. அந்த வாடகைக்கு வேறு எங்கேயும் கோழிக்கூடுகூடக் கிடைக்காது. அங்கே குடியிருப்போர் குழுவின் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் நடைபாதையின் கோடியில், ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்த கடைசி வீட்டு வாசலுக்கு எதிரே, தளத்திலும் கைப்பிடிச் சுவரிலும் ஒரு விரிசல் ஓடியது. தங்கச்சி மாதாமாதம் நான்கு மாடி ஏறி வந்து, சின்னச் சுத்தியலால் தட்டி, சுவரில் காதை வைத்துக் கேட்பார். ஒருநாள் விரிசலுக்குக் குறுக்கே அந்தக் கண்ணாடியை இரண்டு முனையிலும் சிமெண்டு வைத்து ஒட்டினார்.

"அண்ணே, சுவர் நகர்ந்தா இது ஒடையும். ஒடைஞ்சா ஒடனே போன் பண்ணுங்க. மறந்துடாதீங்க லா."

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது உடைந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், எனக்கு முதலில் நினைவு வந்தது கடைசி வீட்டுப் பிள்ளைகள் இல்லை; கடிதம்தான். போன் செய்தால் மொத்த மாடியையும் காலி செய்யச் சொல்வார்கள், பண்டிகை நேரத்தில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது? உடைந்ததைப் பெயர்த்து டப்பாவில் ஒளித்துவிட்டு, பழைய முருகன் படத்தின் கண்ணாடியை அறுத்து அதே இடத்தில் வெறும் பசையால் ஒட்டினேன். தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து நடைபாதைக்குச் சாயம் பூசுவது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை விரிசலை நானே சுவர் மாவு வைத்து அடைத்து, அதன்மேல் இரண்டு பூச்சு அடித்தேன்.

"நீங்க பண்றது சரியில்ல. அந்தப் புள்ளைங்க அங்கதான் சைக்கிள் ஓட்டுதுங்க" என்றாள் மனைவி. எரிந்து விழுந்தேன். ஆனால் அதன்பிறகு அந்த மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று கோடிக்குப் போகும்போதெல்லாம் சாப்பிடும் கை அப்படியே நின்றுவிடும். திரும்பி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வாய் இறங்கும்.

எட்டாம் நாள் தங்கச்சி வந்தார். சுத்தியலை வெளியே எடுக்கவே இல்லை. கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவினார்.

"தேதியக் காணோமே. இது என் கண்ணாடி இல்லண்ணே."

சாயம் பூசும்போது கை பட்டு உடைந்துவிட்டது என்று புளுகினேன். அவர் சுவரைக் காட்டினார். என் புதுச் சாயம் விரிசலின் வழியே தலைமுடி அளவுக்குக் கிழிந்திருந்தது.

"தங்கச்சி, நீங்க எழுதினா எங்கள வெளியாக்கிடுவாங்க" என்றேன்.

"வெளியாக்கறதுக்கா நான் நாலு மாடி ஏறி வரேன்? இத சரிபண்ண வைக்க எனக்கு ஆதாரம் வேணும்ணே. அதத்தான் நீங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க!"

முகம் சிவந்திருந்தது. ஆனால் கிளம்பிப் போகவில்லை. போனில் மேலிடத்தோடு மலாயில் சண்டை போட்டு, முதல் மாடியில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்க வைத்தார். கடைசி வீட்டுத் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் சோற்றுப் பானையோடு அங்கே இறக்கினோம். கோடியில் கயிறு கட்டினார். கீழே வண்டி நிறுத்தும் இடத்தையும் காலி செய்ய வைத்தார். முட்டுக்கொடுக்கும் இரும்புக்கால்கள் மறுநாள் காலை வரும் என்றார்.

அன்று மாலை மழை பிடித்தது. ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தளத்தில் பாதி இல்லை. அவசரத்தில் மறந்துவிட்ட மூன்று சக்கர சைக்கிள் கீழே கற்களோடு நசுங்கிக் கிடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கழகம் அந்த மாடியைச் சரிசெய்து கொடுத்தது. யாரையும் வெளியாக்கவில்லை, வாடகையும் ஏறவில்லை. தங்கச்சி செர்டாங் பக்கம் மாற்றலாகிப் போய்ப் பல வருடம் ஆகிறது.

போன மாதம் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் புதிதாய் ஒரு விரிசலைப் பார்த்து, ஒரு கண்ணாடித் துண்டில் தேதி கீறி நானே ஒட்டினேன். இன்று காலை அது உடைந்திருந்தது. பக்கத்தில் நின்ற இப்போதைய செயலாளர் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, தீபாவளி வருது. பேசாம சாயம் அடிச்சிடுவோம் லா" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்து டப்பாவைத் திறந்து காட்டி, நசுங்கிய சைக்கிளின் கதையைச் சொன்னேன். பிறகு கழகத்தின் எண்ணை அழுத்திப் போனை அவர் கையிலேயே கொடுத்தேன்.